தோட்டத்து ஆபீசுக்கு ஜீரோ டிரஸ்ட்: எதை நம்பக் கூடாது, யாரை நம்ப வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு செம்பனைத் தோட்டங்கள், ஓர் எண்ணெய் ஆலை, டவுனில் ஓர் அலுவலகம். ஏறக்குறைய அறுபது பேர் கணினியில் வேலை செய்கிறார்கள். அத்தனைக்கும் பொறுப்பு நீங்கள் ஒருவர்தான். கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்த இயக்குநர், வருடக் கடைசிக்குள் ஜீரோ டிரஸ்ட் என்ற கணினிப் பாதுகாப்பு முறைக்கு மாறிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுவாரமே விற்பனையாளர் ஒருவர் ஒரு பெட்டியின் படத்தையும் விலையையும் அனுப்பிவிட்டார். இதைக் கேள்விப்பட்ட பெரிய கிராணி (தலைமை எழுத்தர்), இருபத்தாறு வருடமாக அதே மேசையில் இருப்பவர், "அப்படியென்றால் இனி என்னை நம்பமாட்டீர்களா?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறார். எதை வாங்குவது, எங்கே தொடங்குவது, கிராணிக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகவே படுகின்றன. கிராணி கேட்டதுதான் மூலக் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், எதை வாங்குவது, எங்கே தொடங்குவது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோட்ட நிறுவனங்களின் வலையமைப்பைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். அலுவலகம், எடை மேடை, சம்பளப் பகுதி, தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையிலான இணைப்பு, இவை என் கைப்பழக்கம். ஆலைக்குள் கொதிகலனையும் திருகு அழுத்தியையும் ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் உள்வேலை என் துறை அன்று. அந்த இடம் வரும்போது என் சொல்லைவிட உங்கள் ஆலைப் பொறியாளர் சொல்லைக் கேளுங்கள்.

ஜீரோ டிரஸ்ட் என்ற சொல்லைத் தமிழில் 'பூஜ்ஜிய நம்பிக்கை' என்று பெயர்த்தவுடனே அது மனிதர்மேல் வைக்கும் சந்தேகம் போல ஒலிக்கிறது. உண்மையில் அதில் எடுத்துவிடச் சொல்லும் நம்பிக்கை, மனிதர்மேல் வைத்தது அன்று. ஒரு கேபிளின்மேல், ஓர் இடத்தின்மேல் நாம் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கும் நம்பிக்கை. 'இந்தக் கணினி நம் அலுவலகத்துக்குள் இருக்கிறது, ஆகவே இது நம்முடையது, இது எதைக் கேட்டாலும் கொடுக்கலாம்' என்று நம் சர்வர்கள் நினைக்கின்றன அல்லவா, அந்த நினைப்பைத்தான் கைவிடச் சொல்கிறார்கள். 2010இல் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் இந்தக் கருத்தைப் பரவலாக்கினார். உள்வலை என்பதாலேயே ஒன்றை நம்புவதுதான் பெரிய ஓட்டை என்பது அவர் வாதம். 2009இல் தன்மேல் நடந்த ஊடுருவலுக்குப் பிறகு கூகுள் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு உள்வலை, வெளிவலை என்ற பேதமே இல்லாத ஓர் அமைப்பைக் கட்டியது. 'பியாண்ட்கார்ப்' என்ற பெயரில் அதைப் பற்றி 2014 முதல் கட்டுரைகளும் வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் நிறுவனம் 800-207 என்ற எண்ணுள்ள ஆவணத்தில் இதற்கு ஒழுங்கான வரையறை தந்தது. யார் கேட்கிறார், எந்தக் கருவியிலிருந்து கேட்கிறார், எதைக் கேட்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்து, அந்த வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதிப்பது. சாரம் அவ்வளவுதான்.

இது தோட்டத்துக்குப் புதிதும் இல்லை. உங்கள் மருந்து ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஸ்டோருக்குப் போகிறார். கையில் ஒரு சீட்டு. எந்த வயல், எந்த மருந்து, எத்தனை லிட்டர், யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கும். ஸ்டோர்காரர் சீட்டைப் பார்க்கிறார், அளந்து கொடுக்கிறார், புத்தகத்தில் எழுதுகிறார், மண்டோரிடம் கையெழுத்து வாங்குகிறார். அந்த மண்டோர் ஸ்டோர்காரரின் சொந்த மைத்துனராகவே இருந்தாலும் நாளைக்கும் சீட்டு வேண்டும். 'என்னை நம்பவில்லையா' என்று எந்த மண்டோரும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. மருந்து குறைந்துபோன அன்றைக்கு அவரைக் காப்பாற்றப்போவதும் அந்தச் சீட்டுதான் என்று அவருக்குத் தெரியும். நம் கணினி வலையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கேட்டில் காவலுக்கு ஜாகா ஒருவர் நிற்கிறார். அவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஸ்டோர், ஆபீஸ், மானேஜர் பங்களா, ஆலை என எல்லாக் கதவுகளும் திறந்தே கிடக்கின்றன.

திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். லாரி எடை மேடையின் கணினியைப் பழுதுபார்க்க வரும் ஒப்பந்ததாரர், ஒவ்வொரு முறையும் ஊரிலிருந்து வரச் சிரமம் என்று, தொலைவிலிருந்தே நுழையும் ஒரு மென்பொருளை அதில் போட்டுவைத்திருந்தார். தன் வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். தீபாவளி விடுமுறையின் இடையில் யாரோ அதன் வழியாக நுழைந்தார்கள். எடை மேடைக் கணினிக்கும் சம்பள சர்வருக்கும் எந்தத் தொழில் தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வலையில், ஒன்றை ஒன்று தாராளமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை காலையில் செக்ரோல் (வேலை நாள் பதிவேடு), சம்பளக் கணக்கு, வங்கிப் பட்டியல் எல்லாம் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. காப்புப் பிரதி எடுக்கும் வட்டும் அதே சர்வரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் போயிற்று.

மாதக் கடைசி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மண்டோர்களின் சட்டைப்பை நோட்டுகளை வாங்கிக் குவித்து மூன்று இரவு உட்கார்ந்தோம். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்தார். ஒரு நோட்டு மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது; பேனாவால் எழுதிய பக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன, பென்சிலால் எழுதிய பக்கங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அந்தப் பென்சில் எழுத்தை வைத்துத்தான் பதினான்கு குடும்பங்களுக்குக் கூலி கணக்கிட்டோம். எனக்கு இன்றும் ஆறாதது வேறொன்று. நுழைந்தது எந்தக் கணக்கின் வழியாக என்று பார்த்தபோது, 'ஆப்பரேட்டர்' என்று மட்டும் இருந்தது. மூன்று ஷிப்டுக்கும் அந்த ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், அதுவும் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில். விடுமுறைக்கு முன் கடைசியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு கிராணி. அவரை உட்காரவைத்து இரண்டு நாள் விசாரித்தார்கள். தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவர் கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லை. ஒப்பந்ததாரரின் வழியைக் கண்டுபிடிக்கும்வரை அவர் சாப்பிடாமல் வந்து போனார். தம்பி, உங்கள் பெரிய கிராணி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பொதுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவரை நம்புகிறோம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிழை நடக்கும் நாளில் அவரைத் தனியே நிற்க விடுவதுதான் அதன் பொருள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அன்று. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடருக்குள், குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத் திருடி நுழைந்தார்கள். ஏறக்குறைய 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் போயிற்று. 2021இல் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். (வெளியிலிருந்து உள்வலைக்குள் நுழையும் இணைப்பு) கணக்கின் வழியாகப் போனார்கள். அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லைத் தவிர வேறு பூட்டு இல்லை. முன்னதில் ஒப்பந்ததாரர், பின்னதில் மறந்துபோன கணக்கு. உங்கள் தோட்டத்திலும் முதலில் தேட வேண்டியவை இவை இரண்டும்தான்.

இனி அந்தப் பெட்டி. விற்பனையாளர் அனுப்பியது, வலைக்குள் வந்துபோவதை வடிகட்டும் நல்ல ஃபயர்வாலாகவே இருக்கலாம். பிற்பாடு அது உங்களுக்குத் தேவைப்படவும் செய்யலாம். ஆனால் ஜீரோ டிரஸ்ட் என்பது பெட்டியில் வருவது அன்று. இதை நான் சந்தேகமே இல்லாமல் சொல்வேன். எந்தக் கதவு யாருக்கு என்ற பட்டியல் உங்களிடம் இல்லாதவரை அந்தப் பெட்டிக்கு எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று தெரியாது. இறுதியில் 'எல்லாம் எல்லாருக்கும்' என்று ஒரே விதியை எழுதி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படி ஓடும் விலையுயர்ந்த பெட்டிகளை மூன்று தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: எங்கள் எடை மேடைக் கணினியிலிருந்து சம்பள சர்வருக்குப் போகும் வழியை இது எப்படி அடைக்கும், இணைய இணைப்பு அறுந்த அன்றைக்கு எடை மேடை எப்படி ஓடும்? இதற்கு அவர் வரைந்து காட்டினால் பேச்சைத் தொடருங்கள்.

வேலையைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், அதை எழுதப் பெரிய கிராணியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். யார் எந்தக் கணினியில் எதைத் திறக்கிறார், அது எதற்கு, விடுப்பில் போனால் அவர் இடத்தில் யார், போன வருடம் வேலையை விட்டுப் போனவர் யார், எந்த ஒப்பந்ததாரருக்கு எந்தக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறது, இதெல்லாம் இருபத்தாறு வருடம் இருந்தவருக்குத்தான் தெரியும். எந்த மென்பொருளும் இதை முழுதாகக் கண்டுபிடித்துத் தராது. முழு நிறுவனத்தையும் ஒரே மூச்சில் எழுத முயல வேண்டாம். போனால் தாங்க முடியாதது எது என்று பாருங்கள். தோட்டத்தில் அது பெரும்பாலும் இரண்டுதான்: எடை மேடை, சம்பளம். எடை போனால் ஆலைக்கு வரும் வருமானம் போகிறது. சம்பளம் போனால் மக்களின் அடுப்பு அணைகிறது. இந்த இரண்டையும் சுற்றி வேலி போட்டு முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அடுத்தது ஆளுக்கொரு கணக்கு. எடை மேடையில் இது கஷ்டம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஷிப்டு மாறும்போது நான்கு லாரிகள் நிற்கும், ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், அந்த நேரத்தில் வெளியேறி மறுபடி நுழையச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். ஒருவர் கணக்கிலேயே மூவரும் ஓட்டுவார்கள். கைரேகை வைக்கலாம் என்று தோன்றும். வெட்டுக்கத்தியும் உரமும் பட்டுத் தேய்ந்த விரல்களைக் கைரேகைக் கருவி பல சமயம் அடையாளம் காண்பதில்லை. எண்ணெயும் தூசியும் படிந்தால் இன்னும் மோசம். எனக்கு நன்றாக ஓடியது யூ.எஸ்.பி. பாதுகாப்புச் சாவி. பெயர் அட்டைக் கயிற்றில் சாவி தொங்கும். வந்ததும் செருகி ஒரு சிறிய எண்ணைத் தட்டினால் அவர் கணக்கு திறக்கும், எடுத்தால் திரை பூட்டிக்கொள்ளும்படி அமைத்தோம். ஒருவருக்கு இரண்டு சாவி. இரண்டாவது அலுவலகப் பெட்டகத்தில். ஃபைடோ என்ற பொதுத் தரப்படி வரும் இந்தச் சாவிக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. போலி இணையப் பக்கத்தில் ஒருவர் ஏமாந்து கடவுச்சொல்லைத் தட்டிவிட்டாலும், சாவி அந்தப் பக்கத்தின் முகவரியைப் பார்த்து மறுத்துவிடும். உங்கள் எடை மென்பொருள் பழையது என்றால் அதற்குள் சாவி வேலை செய்யாது. விண்டோசுக்குள் நுழையும் இடத்திலாவது சாவியை வையுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு, கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டாகக் கைப்பேசியில் ஓடும் குறியீட்டுச் செயலி போதும். இங்கே ஒரு நடைமுறை விஷயம். எஸ்.எம்.எஸ். வழியாக எண் அனுப்பும் முறையைத் தோட்டத்தில் நம்பாதீர்கள். ஆலைக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம், சிக்னல் இருக்காது; எண் வந்துசேரும்போது காலாவதியாகியிருக்கும். சிம் கார்டை ஏமாற்றி மாற்றிக்கொள்ளும் திருட்டும் உண்டு. 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே நம் வங்கிகளை எஸ்.எம்.எஸ். எண் முறையிலிருந்து விலகச் சொன்னது. செயலியில் முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணுக்கு சிக்னலே தேவையில்லை. கைப்பேசிக்குள் இருக்கும் ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்து அது தானாகவே கணக்கிடுகிறது. ஆகவே கைப்பேசியின் நேரம் சரியாக இருந்தால் செம்பனைக் காட்டின் நடுவிலும் ஓடும். 'எண் தவறு' என்று யாராவது வந்தால் முதலில் அவர் கடிகாரத்தைப் பாருங்கள். 'அனுமதிக்கவா' என்று திரையில் கேட்டு ஒரே தொடுதலில் முடியும் முறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2022இல் ஊபர் நிறுவனத்தில் ஓர் ஒப்பந்த ஊழியருக்கு அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அவரும் ஒரு கட்டத்தில் அனுமதித்துவிட்டார். களைத்துப்போன எந்த மனிதரும் செய்யக்கூடியதுதான் அது.

வலையைப் பிரிப்பதற்குப் பல சமயம் எதையும் வாங்க வேண்டியதில்லை. கணினிகளை இணைக்கும் உங்கள் சுவிட்சு நிர்வகிக்கக்கூடிய வகை என்றால், ஒரே வலையைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் வி-லேன் வசதி அதிலேயே இருக்கும். அலுவலகம் ஒரு பகுதி, எடை மேடை ஒரு பகுதி, கேமராக்களும் விருந்தினர் வைஃபையும் ஒரு பகுதி, ஆலை ஒரு பகுதி. எடை மேடை தன் தரவு சர்வரோடு மட்டும் பேசட்டும். வேறு எதைக் கேட்டாலும் மறுப்பு. மறுக்கத் தொடங்கும் முன் இரண்டு வாரம் வெறுமே கவனியுங்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற பதிவைப் பார்த்தால் நீங்கள் நினைத்தே பார்க்காத ஓர் இணைப்பு நிச்சயம் தென்படும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் அறிக்கை ஒன்று எங்கேயாவது ஒளிந்திருக்கும். மாதக் கடைசியை ஒருமுறையாவது பார்த்துவிட்டு அடையுங்கள். ஆதரவு முடிந்த கணினிகளும் தென்படும். விண்டோஸ் 7 ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. எடை மென்பொருள் பழைய விண்டோசில்தான் ஓடும் என்றால் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். தனிப் பகுதியில் அடைத்து, மின்னஞ்சலும் இணையமும் இல்லாமல் வையுங்கள்.

ஆலையில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். மோட்பஸ் போன்ற பழைய தொழிற்சாலை மொழிகளில் 'நீ யார்' என்று கேட்கும் வசதியே கிடையாது. மோட்பஸ் 1979இல் பிறந்தது. கட்டளை வந்தால் கீழ்ப்படியும். அந்தக் கருவிகளிடம் இரண்டாவது பூட்டைப் போடச் சொல்ல முடியாது. பூட்டு அவற்றுக்கு முன்னால் இருக்கும் கதவில் வர வேண்டும்: ஆலை வலைக்குள் நுழைய ஒரே ஓர் இடைக்கணினி, அதற்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கும் சாவியும். ஒப்பந்ததாரரும் அந்தக் கதவின் வழியாகத்தான் வர வேண்டும், கேட்டபின் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும். அலுவலகத்தில் செய்வது போல வலையில் என்னென்ன கருவி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் மென்பொருளை ஆலைப் பகுதியில் ஓட்டிவிடாதீர்கள். பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள் அதற்கே நின்றுபோனதுண்டு. கொதிகலன் ஓடும் இடத்தில் திடீரென்று ஒன்று நின்றால் அது கணினிப் பிரச்சினையாக இருக்காது, உயிர்ப் பிரச்சினையாகிவிடும். இங்கே ஒவ்வோர் அடியும் பொறியாளரின் சம்மதத்தோடு, ஆலை நிறுத்தியிருக்கும் நாளில்.

இணையம் அறுந்தால் என்ன என்ற கேள்விக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நகரத்து ஆலோசகர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. நுழைவு அனுமதி முழுவதையும் வெளியே இருக்கும் கிளவுட் சேவையிடம் ஒப்படைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலை மூன்று மணிக்கு இடி இடிக்கிறது, அல்லது சாலை வேலைக்கு வந்த மண்வாரி இயந்திரம் ஃபைபர் கேபிளை அறுத்துவிடுகிறது. எடை மேடையில் யாராலும் நுழைய முடியவில்லை. வெளியே லாரி வரிசை. செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டிய குலையை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வேகவைக்கப் பார்ப்பது வழக்கம், தாமதிக்கத் தாமதிக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், 5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் அடிபடும். அன்றைக்கு மானேஜர் உங்களைக் கூப்பிட்டு, 'உன் பாதுகாப்பை எடுத்துத் தூரப் போடு' என்பார். அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். ஆகவே எடை மேடையின் கணக்குகள் உள்ளூரிலேயே சரிபார்க்கப்பட வேண்டும். வெளி இணைப்பு இல்லாமலும் சாவி வேலை செய்ய வேண்டும். இதற்கும் மேலே ஓர் அவசரக் கணக்கு, அதன் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் பெட்டகத்துக்குள், உறையைப் பிரிக்க இருவர் கையெழுத்து, பிரித்த மறுநாளே கடவுச்சொல் மாற்றம். அமைத்து முடித்த பிறகு லாரி குறைவாக வரும் ஒரு நாளில் நீங்களே கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நான் முதன்முதலில் கழற்றியபோது சீட்டு அச்சடிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது; அது வெளியே இருந்த ஒரு சர்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை.

இதுவரை சொன்னவற்றில் ஆளுக்கொரு கணக்கு, இரண்டாவது பூட்டு, தேவையான அளவு அனுமதி, வலைப் பிரிவு ஆகிய நான்கும் சேதத்தைக் குறைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்கு மேல் போகும்போது என் உறுதி குறைகிறது. ஒவ்வொரு விநாடியும் ஒருவர் நடத்தையை எடைபோட்டு மதிப்பெண் கொடுத்து அனுமதியை ஏற்றி இறக்கும் அமைப்புகளை விற்கிறார்கள். அறுபது பேர், ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கும் இடத்தில் அதன் எச்சரிக்கைகளைப் படிக்கவே ஆள் இருக்காது. இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து, வேறு அனுபவம் உள்ளவர்கள் மறுக்கலாம். வி.பி.என்.ஐ முழுதாகத் தூக்கிவிட வேண்டுமா என்பதிலும் எனக்கு ஒரே பதில் இல்லை. இரண்டாவது பூட்டும், நுழைந்தபின் போகக்கூடிய இடத்துக்கு எல்லையும், விடாத மென்பொருள் புதுப்பிப்பும் இருந்தால் இன்னும் சில காலம் அதோடு ஓட்டலாம்.

'வருடக் கடைசிக்குள்' என்ற கெடுவைப் பற்றி இயக்குநரிடம் மனம் திறந்து பேசுங்கள். அமெரிக்க அரசு 2022 ஜனவரியில் தன் துறைகளுக்கு ஜீரோ டிரஸ்ட் இலக்குகளைக் கட்டாயமாக்கியபோது 2024 நிதியாண்டின் முடிவுவரை அவகாசம் கொடுத்தது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ள இடத்துக்கே இரண்டரை வருடத்துக்கு மேல். அந்நாட்டு அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 ஏப்ரலில் வெளியிட்ட முதிர்ச்சி அட்டவணை, அடையாளம், கருவி, வலை, மென்பொருள், தரவு என்று ஐந்து தூண்களையும் நான்கு படிகளையும் வைக்கிறது. 'முடித்துவிடுவோம்' என்று வாக்குக் கொடுக்காமல், 'டிசம்பருக்குள் எடை மேடையும் சம்பளமும் அடையாளத் தூணில் இரண்டாம் படிக்கு வந்துவிடும்' என்று எழுதிக் கொடுங்கள். அது உங்களால் முடிகிற வேலை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2024 ஆகஸ்ட் 26இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 854, பதினொரு முக்கியத் துறைகளில் விவசாயத்தையும் தோட்டத் துறையையும் சேர்த்திருக்கிறது. துறைத் தலைமை அமைப்பு பெயர் குறித்து அறிவித்த நிறுவனங்களுக்கே அதன் கடமைகள் பொருந்தும். அப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் சம்பவம் தெரிந்து ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பரவலாகப் பொருந்துவது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமை அதில் வந்திருக்கிறது. உங்கள் சம்பளப் பட்டியலில் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன அல்லவா? இரண்டு சட்டமும் ஜீரோ டிரஸ்டை வாங்கச் சொல்லவில்லை. நான் வழக்கறிஞன் அல்லன். நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இந்த அமைப்பு தடுக்காததையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மானேஜர் பெயரில் வரும் மின்னஞ்சலைப் பார்த்து, அனுமதி உள்ள கிராணியே அனுமதி உள்ள கணினியில் ஒரு தொழிலாளியின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டால் எந்தப் பூட்டும் மறுக்காது. எல்லாமே முறைப்படி நடந்ததாகத்தான் தெரியும். அதற்கு வேலை ஒழுங்குதான் மருந்து: கணக்கு எண் மாற்றம் என்றால் தொழிலாளியை நேரில் பார்த்தோ, ஏற்கெனவே பதிவிலிருக்கும் எண்ணுக்கு அழைத்தோ கேட்க வேண்டும், இரண்டாமவர் ஒப்புதல் தர வேண்டும். காப்புப் பிரதி ஒன்று எப்போதும் வலையோடு தொடர்பில்லாமல் அலமாரிக்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய மாதச் சம்பளத்தைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக மனம் நோகும் ஒரு விஷயம். சாவி கொடுக்கத் தொடங்கியதும் மேலே இருப்பவர்களில் ஒருவர் 'எனக்கு மட்டும் வேண்டாம்' என்பார். அதிக அனுமதி உள்ள கணக்கு அவருடையதுதான். திருடர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். முதல் சாவியை இயக்குநர் கையில் கொடுங்கள், அலுவலகத்தில் எல்லாரும் இருக்கும்போது கொடுங்கள். இரண்டாவது சாவி பெரிய கிராணிக்கு. அவர் மேசைக்குப் போய், அவர் பெயரில் திறந்த கணக்கைக் காட்டி, இனி இந்தப் பெயரில் பதிவாகும் ஒவ்வொன்றும் அவர் செய்தது மட்டும்தான், வேறு யார் செய்ததும் அவர் தலையில் விழாது என்று சொல்லுங்கள். நான் சொன்ன அந்த விசாரிக்கப்பட்ட கிராணிக்கு நாங்கள் புதுக் கணக்கு திறந்து கொடுத்தபோது, திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஓரத்தில் ஒட்டியிருந்த அந்தக் கடவுச்சொல் தாளைத் தானே கிழித்து எடுத்தார்.

உங்கள் சுவிட்சின் மாதிரி எண்ணையும், எடை மென்பொருள் எந்த விண்டோசில் ஓடுகிறது என்பதையும், தொலைவிலிருந்து நுழையும் ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர் என்பதையும் கீழே எழுதுங்கள். கடவுச்சொல்லையோ உள் முகவரிகளையோ எழுதிவிடாதீர்கள். இந்த மூன்றும் தெரிந்தால், புதிதாக எதையும் வாங்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.